வீடு வாங்க எத்தனை நாள் ஆகும்?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டிய வீட்டை வாங்குவதில் அந்தக் கஷ்டம் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கை முறுக்குக்குப் பெயர் பெற்ற சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் ஒரு தம்பதியும் அப்படித்தான் நினைத்தார்கள்.

பதினாறு வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீடு பதினைந்து லட்சத்துக்கு வந்தது. தை மாதம் பார்த்தார்கள், ஒரே வாரத்தில் விலை பேசி முடித்தார்கள். சித்திரையில் பால் காய்ச்சிவிடலாம் என்று கணக்குப் போட்டு, நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மூன்று மாதக் கெடு வைத்து கிரய ஒப்பந்தம் போட்டார்கள்.

அதன் பிறகுதான் வக்கீலிடம் போனார்கள். முதல் தப்பு அதுதான். மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் பார்த்த வக்கீல், "வீடு விக்கிறவரு பேருல இல்லீங்களே, அவுங்க அப்பா பேருலல்ல இருக்குது" என்றார். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். விற்பவருக்குக் கல்யாணமான இரண்டு தங்கைகள். "அவுங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று அண்ணன் சொன்னார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை என்பது 2005இல் நாடு முழுவதும் வந்தது. தங்கைகள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் நாளைக்கு வழக்கு வரும். வங்கியும் கடன் தராது.

தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் சித்திரை வந்துவிட்டது. கெடுவை எழுத்து மூலமாக நீட்டித்துக் கொண்டார்கள். அடகுக்கு வட்டி ஏறிக்கொண்டே போனது. மூத்த தங்கை சம்மதித்தார். இளையவர் மறுத்தார்.

ஆனி மாதம் தறிக்காரரின் மனைவி ராசிபுரம் போய் அவரைப் பார்த்தார். "வாங்குறவங்க நீங்க வந்து கேக்கறீங்க. கூடப் பொறந்தவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே, அக்கா" என்று அந்தப் பெண் அழுதார். பணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னதும் அவர் தலைகுனிந்தார். மறுநாளே தங்கை வீட்டுக்குப் போனார். விலையில் மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு என்று பேசி முடிந்தது.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் பத்திரம் போடுவதில்லை. ஆவணியில் வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்க்க, இன்ஜினியர் வீட்டை மதிப்பிட என்று அதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஐப்பசியில் மூன்று பேரும் சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வேலை அரை நாளில் முடிந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதினைந்து லட்சத்துக்கு 1,35,000 ரூபாய். அரசு வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். பலர் இந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் கடைசியில் திண்டாடுகிறார்கள்.

கார்த்திகையில் பால் காய்ச்சினார்கள். பட்டா, வீட்டு வரி, கரண்ட் பெயர் மாற்றம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பத்திரம் சுத்தமாக இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் வீடு வாங்கிவிடலாம். வாரிசு விவகாரம் இருந்தால் வருடம் கூட ஆகும். எனவே வீடு பார்க்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால், "யார் யார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் தறிக்காரருக்குப் பாதி வட்டியாவது மிச்சமாகியிருக்கும்.

பால் காய்ச்சிய அன்று இளைய தங்கையும் வந்திருந்தார். அப்பா கட்டிய திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.