கூட்டுக் குடும்பமா, தனிக் குடித்தனமா?

பட்டிமன்றத் தலைப்பு என்று எண்ணிவிடாதீர்கள், நண்பர்களே! இது கணிப்பொறிக்குள் நான் நடத்திய குடித்தனத்தின் கதை.

2023-ஆம் ஆண்டு, இளங்கலை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக நாங்கள் மூவர் எங்கள் வட்டாரத்துப் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குச் சென்றோம். உறுப்பினர் பதிவேடு ஒரு கோப்பில், அன்றாடப் பால் வரவு எக்செல் தாள்களில், பட்டுவாடாக் கணக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் என அங்கே மூன்றும் மூன்று திசையில் கிடந்தன. அவற்றைச் சேர்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. கருவியாக டேலண்ட் ஓப்பன் ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டோம். (2006-இல் வெளிவந்த அந்த இலவசப் பதிப்பு 2024 ஜனவரி 31-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. நம்மைப் போன்றோர்க்கு இலவசமாகக் கிடைப்பது எதுவும் நிலைப்பதில்லை போலும்!)

அதில் முதலில் ஒரு 'புராஜெக்ட்' உருவாக்க வேண்டும். தரவை எடுத்து, மாற்றி, சேர்க்கும் 'ஜாப்'கள், தரவுத்தள இணைப்பு விவரங்கள், பொதுவாகப் பயன்படும் ஜாவா ரொட்டீன்கள் யாவும் அதற்குள்தான் குடியிருக்கும். மூன்று கணக்குக்கும் ஒரே புராஜெக்டா, தனித்தனியே மூன்றா? நான் கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவன். ஒன்றே போதும் என்று வாதாடி வென்றேன். கடவுச்சொல் மாறினாலும் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா ஜாப்களுக்கும் போய்ச் சேருமே!

அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. எக்செல் தாளில் 47 என்றிருக்கும் உறுப்பினர் எண், பட்டுவாடாக் கணக்கில் 047 என்றிருக்கும். முன்னால் பூச்சியம் சேர்த்து இரண்டையும் பொருத்த ஒரு ரொட்டீன் எழுதியிருந்தோம். பால் வரவு அறிக்கை அழகாகத் தெரிய வேண்டுமென்று ஒரு மாலையில் அந்தப் பூச்சியத்தை நீக்கும்படி அதைத் திருத்தினேன். பட்டுவாடா ஜாபும் அதையே நம்பியிருந்தது என் நினைவில் இல்லை. இணைக்கும் இடத்தில் 'இன்னர் ஜாயின்' வைத்திருந்தோம். பொருந்தாத வரிகள் பிழைச் செய்தி ஏதுமின்றி உதிர்ந்துவிடும். உதிர்ந்தன. 100-க்குக் கீழ் எண் கொண்டவர்கள், அதாவது சங்கம் தொடங்கிய காலத்து உறுப்பினர்கள், ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை!

பட்டுவாடா நாளன்று சன்னலருகே நின்ற ஒரு பாட்டி என்னைக் கேட்டார்: "ஏந் தம்பி, என் பேரு இல்லைங்கிறாங்களே, நான் ஊத்துன பாலெல்லாம் தண்ணியாப் போச்சா?"

நான் தலை நிமிரவில்லை. செயலாளர் ஒரு சொல்லும் கடியவில்லை. இரவெல்லாம் பழைய பேரேட்டைப் பார்த்துக் கையாலேயே பட்டியல் எழுதினார். மறுநாள்தான் பணம் போயிற்று.

அஞ்சிப்போய் மூன்று புராஜெக்டாகப் பிரித்தோம். தனிக் குடித்தனத்தின் தொல்லை அப்போதுதான் விளங்கிற்று. ஒரு நேரத்தில் ஒரு புராஜெக்டைத்தான் திறக்க முடியும். ஒரு புராஜெக்டில் உள்ளதை மற்றொன்று பார்த்துப் பயன்படுத்தும் வசதி கட்டணப் பதிப்பில் மட்டுமே உண்டு. ஆகவே ரொட்டீன்களை ஏற்றுமதி, இறக்குமதி செய்து மூன்று படிகளாக வைத்தோம். தரவுத்தளக் கடவுச்சொல் மாறியபோது இரண்டில் மாற்றி, மூன்றாவதை மறந்தோம். ஒரு காலைப் பால் வரவு ஏறவேயில்லை.

இனி என்ன செய்வது என்று மூவரும் தேநீர்க் கடையில் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, "நீங்க போனப்புறம் இதை யார் பார்ப்பாங்க?" என்றான் அதிகம் பேசாத எங்கள் மூன்றாவது நண்பன். வரவு, பட்டுவாடா, பதிவேடு மூன்றையும் பார்ப்பவர் அச்சங்கத்தில் ஒரே எழுத்தர். மூன்று பிரிவுக்கு மூன்று பேர் இருந்திருந்தால் பிரிவினையே சரி என்றிருப்பேன். பார்ப்பவர் ஒருவர் என்றான பின் மூன்று வீட்டுச் சாவியை அவர் கையில் ஏன் திணிக்க வேண்டும்?

மீண்டும் ஒன்றாக்கினோம். உள்ளே மட்டும் தனித்தனி அறைகள் போட்டோம். பொது ரொட்டீனில் கை வைப்பதில்லை, வேறுவிதம் வேண்டுமானால் வேறு பெயரில் எழுதுவது என்று முடிவு செய்தோம். உதிரும் வரிகளைத் தனிக்கோப்பில் சேர்த்து, பட்டுவாடாவுக்கு முதல் நாளே எழுத்தர் பார்க்கும்படி அமைத்தோம்.

அடுத்த பட்டுவாடாவுக்கு நானும் போயிருந்தேன். அச்சிட்ட பட்டியலில் முதலில் தேடியது 012-ஆம் எண்ணை. இருந்தது. பாட்டி பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.