குன்றும் கடலும் சூழ்ந்த நகர்

விடுமுறை நாளில் ஒரு குடும்பம் பெரும்பொருள் செலவின்றி எங்கே செல்ல இயலும்? ஒரு நகரம் தன் மக்களை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறிய இதனினும் எளிய கேள்வி இல்லை. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ இக்கேள்விக்குப் பல விடைகளை வைத்திருக்கிறது. ஊரின் நடுவே பாறை மீது கோட்டை. அதிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் அணைந்துபோன எரிமலை ஒன்று. வடக்கே ஃபோர்த் கழிமுகம். தெற்கே பென்ட்லாண்டு மலைத்தொடர். வெளிநாட்டுப் பயணியர் பெரும்பாலும் கோட்டையையும் அரண்மனையையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அவ்வூர்க் குழந்தைகள் அறிந்த எடின்பரோ வேறு. அது சேறு படிந்த காலணிகளும் காற்றில் கலைந்த தலைமுடியும் கொண்டது.

இந்நகர் ஏறத்தாழ வடக்கே 56 பாகையில் அமைந்திருக்கிறது. ஆகவே சூன் திங்களில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் நீடிக்கும். திசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். கிழக்குக் கடலிலிருந்து ‘ஹார்’ என அவ்வூரார் அழைக்கும் குளிர்ந்த மூடுபனி எழுந்து, நண்பகலிலும் தெருக்களை மறைப்பதுண்டு. மழை முற்றும் ஓய்ந்த பிறகு புறப்படலாம் என்று காத்திருப்பவர் அங்கே வீட்டிலேயே முதுமை அடைய நேரிடும். எனவே மழைமேலாடையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குவது அவர்களது வழக்கம்.

அவ்வாறு இறங்குவோர் முதலில் நாடும் இடம் ஹோலிரூட் பூங்கா. பூங்கா என்றதும் மலர்ப்பாத்திகளும் நீரூற்றும் நினைவுக்கு வரலாம். இதுவோ புல்லும் முட்புதரும் செங்குத்துப் பாறைகளும் நிறைந்த காட்டுநிலம். இதன் உச்சியாகிய ‘ஆர்தரின் இருக்கை’ 251 மீட்டர் உயரமுடையது. ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் நெருப்பைக் கக்கிய எரிமலையின் எஞ்சிய பகுதி அது. அரண்மனை வாயிலிலிருந்து ஏறத் தொடங்கினால் சிறுவர்களும் ஒரு மணி நேரத்திற்குள் உச்சியை அடையலாம். ஏறுவதற்குக் கட்டணம் இல்லை. உச்சியில் காற்று மட்டும் சற்றுக் கடுமையானது. குல்லாய்களைக் கையால் பற்றிக்கொண்டு நிற்போரை எந்நாளும் காணலாம்.

இக்குன்று எக்காலத்தும் எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. பூங்காவின் மேற்கு விளிம்பில் சாலிஸ்பரிப் பாறைகள் என்னும் நீண்ட பாறைச் சுவர் நிமிர்ந்து நிற்கிறது. பூங்காவின் காவலர் பதவி பரம்பரையாக ஹேடிங்டன் பிரபுக்களிடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்க வேண்டியவரே பாறையை வெட்டி விற்றார். அக்கற்கள் கப்பலேறி லண்டன் தெருக்களுக்குத் தளம் பாவச் சென்றன. நகரின் முகமே கரைந்து வருவதைக் கண்ட மக்கள் கொதித்தனர், வழக்குத் தொடரப்பட்டது. 1831 இல் பிரபுக்கள் அவை, காவலருக்குப் பாறையை வெட்டும் உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

அதே பாறைச் சுவரின் அடியில் ஓடும் பாதைக்கு மற்றொரு கதை உண்டு. 1820 இல் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதி நெசவாளர்களும் தொழிலாளர்களும் வாக்குரிமை கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, மூவர் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின், வேலையிழந்த நெசவாளர்களுக்குக் கூலி கொடுத்து இப்பாதை அமைக்கப்பட்டது. எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கூறிய யோசனை அது. தறியில் பழகிய கைகள் கல் உடைத்து அமைத்த வழிக்குக் ‘கிளர்ச்சியாளர் பாதை’ என்னும் பொருள்படும் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரை வைத்துக் குழந்தைகள் நாப்பிறழ் தொடர் ஒன்றையும் கட்டி விளையாடினர். உரிமை கேட்டவர்களை ஒருபுறம் தண்டித்து, மறுபுறம் அவர்களைக் கொண்டே நகரத்தாருக்கு உலாப்பாதை அமைத்த அக்கால அரசின் கருணை எத்தகையது என்பதைப் படிப்போர் எண்ணிப் பார்க்கலாம். 2018 இல் மேலிருந்து பாறைகள் பெயர்ந்து விழவே, பாதை அடைக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளாக நடந்த வழியை அடைக்கலாகாது என்றனர் நடையர். தலையில் கல் விழுந்தால் யார் பொறுப்பு என்றனர் காப்பாளர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இப்பாறைகளுக்கு அறிவியல் வரலாற்றிலும் இடம் உண்டு. எடின்பரோவில் பிறந்த ஜேம்ஸ் ஹட்டன் இங்கே படிவுப் பாறைகளுக்கிடையே உருகிய குழம்பு புகுந்து இறுகியிருப்பதைக் கண்டார். பாறைகள் ஒரே நாளில் தோன்றியவை அல்ல. புவியின் வயது மனிதக் கணக்கிற்கு எட்டாதது என்னும் அவரது கருத்து 1785 இல் எடின்பரோ அரசவைக் கழகத்தில் படிக்கப்பட்டது. புவியியல் என்னும் துறைக்கு அது அடித்தளமாயிற்று. மாலை உலாவுக்கு வந்த இடத்தில் புவியின் முதுமை புலப்பட்டது என்றால், உலாவும் ஒரு கல்விதானே!

ஸ்காட்லாந்தில் நடப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், தனியாருக்குச் சொந்தமான பெரும்பாலான மலைகளிலும் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் நீர்நிலைகளிலும் எவரும் பொறுப்புடன் நடமாடலாம் என்கிறது. வீட்டுத் தோட்டமும் பயிர் வளரும் வயலும் இதற்கு விலக்கு. திறந்த படலை மீண்டும் சாத்துதல், ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவத்தில் நாயைக் கட்டுக்குள் வைத்தல், குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்லுதல் ஆகியன நடப்பவரின் கடமைகள். பென்ட்லாண்டு மலைகளில் இதனை நேரில் காணலாம். ஆடு மேயும் சரிவினூடே குடும்பங்கள் வரிசையாக ஏறிச் செல்லும். கடைசியில் வருபவர் படலைச் சாத்திவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொள்வார். அத்தொடரின் உயர்ந்த முடி 579 மீட்டர். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இளமையில் விடுமுறைகளைக் கழித்த ஸ்வான்ஸ்டன் என்னும் சிற்றூர் அம்மலையடிவாரத்தில்தான் உள்ளது.

மலையேற இயலாத முதியோருக்கும் தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும் ஏற்ற இடம் அரசத் தாவரவியல் தோட்டம். மருத்துவர்கள் இருவர் 1670 இல் மூலிகைகளுக்கென அமைத்த சிறு பாத்தியே இன்றைய பெருந்தோட்டத்தின் தொடக்கம். தோட்டத்திற்குள் செல்லக் கட்டணம் இல்லை. அணில்களைத் துரத்தியபடி இங்கே ஓடும் சிறுவர்கள் அறியாத செய்தி ஒன்று உண்டு. இத்தோட்டத்தின் ஆவணங்களில் சென்னை மாகாணத்துச் செடிகளின் ஓவியங்கள் உள்ளன. எடின்பரோவில் மருத்துவம் பயின்று தென்னிந்தியாவில் பணியாற்றிய ராபர்ட் வைட் என்பவருக்காக ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர் வரைந்தவை அவை. இலையின் நரம்பும் பூவின் மகரந்தமும் பிழையின்றித் தீட்டப்பட்டவை. அவ்விரு கலைஞர்களின் வாழ்க்கையைப் பற்றி வரலாறு மிகக் குறைவாகவே எழுதிவைத்தது. அவர்களது தூரிகை மட்டும் கடல் கடந்து பேசுகிறது.

குழந்தைகளைக் கேட்டால் அவர்கள் சொல்லும் முதல் இடம் விலங்குக்காட்சிச் சாலையாகத்தான் இருக்கும். நகரின் மேற்கே கார்ஸ்டர்ஃபின் குன்றின் சரிவில் 1913 இல் அது திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் உண்டு. பெரிய குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. ஆயினும் பெங்குவின்களுக்காக மக்கள் வருகின்றனர். 1951 இல் ஒரு நாள் காப்பாளர் ஒருவர் அடைப்பின் கதவைச் சாத்த மறந்துவிட்டார். பெங்குவின்கள் சில அவர் பின்னே வரிசையாக நடந்து வெளியேறின. பார்த்தவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்க, மறதியால் நேர்ந்தது பின்னர் அன்றாட அணிவகுப்பாயிற்று. அங்குள்ள அரசப் பெங்குவின் ஒன்றை நார்வே அரசரின் காவற்படை 1972 இல் தத்தெடுத்து, நில்ஸ் ஓலாவ் எனப் பெயரிட்டுப் படைப்பதவியும் வழங்கியது. ஒன்று இறந்தால் மற்றொன்று அப்பெயரையும் பதவியையும் ஏற்கும். படிப்படியாக உயர்ந்து 2023 இல் அது மேஜர் ஜெனரல் ஆகிவிட்டது! சீருடை வீரர்கள் விறைப்பாக நிற்க, அப்பறவை அவர்களைப் பார்வையிட்டபடி ஆடி அசைந்து செல்லும் காட்சியில் சிரிக்காத குழந்தை இல்லை. கூண்டும் காட்சியும் விலங்குக்கு நன்மையா என்னும் கேள்வியைக் குழந்தைகளே சில வேளை கேட்டுவிடுகின்றனர். அக்கேள்வியைப் பெற்றோர் தட்டிக்கழிக்காதிருப்பது நல்லது.

இவ்விலங்குச்சாலையின் அமைப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவர் பேட்ரிக் கெடிஸ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத் தகும். பழைய எடின்பரோவின் அடுக்குக் குடியிருப்புகள் அக்காலத்தில் நெரிசலும் நோயும் மிக்கவை. வசதி படைத்தோர் புதிய நகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தபோது, கெடிஸும் அவர் மனைவி அன்னாவும் அந்நெரிசலுக்குள்ளேயே வீடு எடுத்து வாழ்ந்தனர். இடிபாடுகளுக்கிடையே வெறுமனே கிடந்த சிறு சிறு இடங்களைக் கணக்கெடுத்துக் குழந்தைகளுக்கான தோட்டங்களாக மாற்றினர். அவர்கள் மகள் நோராவும் அப்பணியில் ஈடுபட்டார். வெயில் படாத சந்துகளில் வளர்ந்த சிறுவர்கள் மண்ணைத் தொட்டது அத்தோட்டங்களில்தான். ஏழைக் குழந்தைக்கு மலை தொலைவு. ஆகவே பசுமை அவன் வாசலுக்கு வர வேண்டும் என்பது அவரது எண்ணம்.

கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கோபுரத்தை 1892 இல் கெடிஸ் பெற்றார். அதன் உச்சியில் சுழலும் ஆடியொன்று நகரத்தின் காட்சியை இருட்டறை மேசை மீது விழச் செய்யும். வீதியில் நடப்போரின் நிழலுருக்கள் மேசை மீது ஊர்ந்து செல்ல, குழந்தைகள் தாள் ஒன்றை நீட்டி அவர்களைத் தூக்கி விளையாடுவர். இன்றும் இக்காட்சி கட்டணத்துடன் காட்டப்படுகிறது. நகரை மேலிருந்து முழுமையாகக் காணாதவர் அதைச் சீர்திருத்த இயலாது என்று கெடிஸ் கருதினார்.

இவர் 1914 இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் சேகரித்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. மனம் தளராமல் புதிய பொருள்கள் திரட்டப்பட்டு, 1915 இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களை நடந்து பார்த்து அவர் அறிக்கை எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், தேவையான இடத்தில் மட்டும் சிறிது அகற்றிக் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்றார். பழைய எடின்பரோவின் சந்துகளில் கற்ற பாடம் அது.

எடின்பரோவின் ஊடே ஓடும் லீத் ஆறும் ஒரு காலத்தில் சீர்கெட்டிருந்தது. அதன் கரையில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்கின. இன்று ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை அக்கரையோரம் செல்கிறது; மீன்கொத்தியும் நாரையும் தென்படுகின்றன. கிழக்கே போர்ட்டபெல்லோ கடற்கரை. அங்கே 1936 இல் திறக்கப்பட்ட பெரிய நீச்சற்குளத்திற்கு அண்டையிலிருந்த மின்நிலையத்தின் வெப்பமே நீரைச் சூடாக்கியது. அக்குளமும் மின்நிலையமும் இப்போது இல்லை. மக்கள் குளிர்ந்த கடலிலேயே இறங்குகின்றனர்; அவர்களது துணிவைக் கரையிலிருந்து வியப்பதே பலருக்குப் போதுமானது.

மேற்கே ஆமண்டு ஆறு கழிமுகத்தில் கலக்கும் இடத்தில் கிராமண்டு என்னும் சிற்றூர் உள்ளது. உரோமானியர் கோட்டை அமைத்த ஊர் அது. மனிதன் ஒருவனைக் கவ்வி நிற்கும் கற்சிங்கம் ஒன்றை 1997 இல் அவ்வாற்றுச் சேற்றிலிருந்து படகோட்டி ஒருவர் கண்டெடுத்தார். ஊருக்கு எதிரே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறு தீவு. நீர் வற்றும் வேளையில் கற்பாதை ஒன்று வெளிப்படும். அதன் வழியே தீவுக்கு நடந்தே செல்லலாம். பாதையின் ஓரத்தில் இரண்டாம் உலகப் போரின்போது எதிரிப் படகுகளைத் தடுக்க நட்ட கற்காரைத் தூண்கள் பற்களைப் போல் வரிசையாக நிற்கின்றன.

நீர் மீண்டும் ஏறும்போது இப்பாதை மூழ்கிவிடும். தாழ்நீர் வேளைக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னுமே நடக்கத் தக்க காலம். அன்றாட நேரங்கள் கரையில் பலகையில் எழுதப்பட்டிருக்கும். பலகையைப் படியாது சென்றவர்களும், படித்தும் ‘இன்னும் சற்று நேரம்’ என்று தங்கியவர்களும் தீவில் அகப்பட்டுக்கொள்கின்றனர். அப்போது குவீன்ஸ்ஃபெரியிலிருந்து தன்னார்வலர்களின் உயிர்காப்புப் படகு வர வேண்டும். தம் உணவையும் உறக்கத்தையும் விட்டு எழுந்து வரும் அவர்கள் ஊதியம் பெறுபவர் அல்லர்.

அங்கே வேலி இல்லை. தடுத்து நிறுத்தும் காவலரும் இல்லை. பலகையின் முன் நின்று பெற்றோர் நேரத்தைக் கணக்கிடுகின்றனர். பிள்ளைகளும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கின்றனர். பிறகு சிப்பி படிந்த ஈரக் கற்களின் மேல் நடை தொடங்குகிறது. தீவின் மேட்டில் ஏறினால் தொலைவில் ஃபோர்த் ஆற்றின் செந்நிறத் தொடர்வண்டிப் பாலமும், மறுபக்கம் ஆர்தரின் இருக்கையும் தெரியும். கொண்டுவந்த ரொட்டியை உண்ணும்போதே தாய் மணியைப் பார்க்கிறார். கூழாங்கற்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு சிறுவர்கள் கரையை நோக்கி ஓடுகின்றனர். கடைசியாக வருபவரின் காலணி பெரும்பாலும் நனைந்திருக்கும்.