கூரைக்குப் போர்த்திய கம்பளி

"வீட்டைக் கட்டிப் பார்" என்று சொல்லிவைத்த பெரியோர்கள், கூரையைக் கட்டிப் பார் என்று தனியாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

உதகமண்டலத்துக்குச் சற்று வெளியே, சுமார் 7,300 அடி உயரத்தில், நமக்கு ஒரு சிறு மரக்குடில் உண்டு. ஒரே அறை, ஓர் ஓரத்தில் அடுப்பு, மேலே தகரக் கூரை. காற்றுக்கு அஞ்சியும் செலவுக்கு அஞ்சியும் சரிவைக் குறைத்தே போட்டிருந்தோம். மார்கழி பிறந்தால் அங்கே புல்லின்மேல் உறைபனி வெள்ளை வேட்டி விரித்தாற்போல் படியும். அந்தக் குளிரில் நமது தாயாருக்கு இருமல் கண்டது.

உடனே நமக்கு யோசனை ஒன்று உதித்தது. தகரத்துக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, அதன் கீழே பலகை அடித்துவிட்டால் குளிர் எப்படி வரும்? ஆசாரியார், "வேண்டாம், ஐயா" என்று தலையை அசைத்தார். செலவை ஏற்றப் பார்க்கிறார் என்று எண்ணி, நாம் கேட்கவில்லை.

மறு வருஷம் வானத்தில் மேகமில்லை, மழையுமில்லை. ஆனால் விடியற்காலையில் தாயாரின் படுக்கையில் சொட்டுச் சொட்டாக நீர்! தகரத்தில் ஓட்டை என்று தார் பூசினோம். மறுநாளும் சொட்டியது. பலகையைப் பெயர்த்தால், பஞ்சு நனைந்த துணிபோல் தொங்கியது, சட்டங்களில் பூஞ்சணம். இருமலோ முன்னிலும் அதிகம்.

"என்னைக் கோயம்புத்தூரில் உன் தங்கையிடம் கொண்டுபோய் விட்டுவிடு, அப்பா. இந்த வீடு அழுகிறது" என்றார் தாயார்.

வெட்கத்தை விட்டு மறுபடியும் ஆசாரியாரிடம் போனோம். "இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், ஐயா. அதில் ஏது மழை?" என்றார் அவர். விஷயம் விளங்கிவிட்டது. 20 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியிலோ 5 கிராம்கூடத் தாங்காது. நமது மூச்சும் அடுப்பின் ஆவியும் பலகை இடுக்குகளின் வழியே மேலேறி, குளிர்ந்த தகரத்தைத் தொட்டு நீராகியிருக்கின்றன. பஞ்சு, தகரத்தை முன்னிலும் குளிரச் செய்து, இந்த வேலைக்கு ஒத்தாசை செய்திருக்கிறது!

கம்பளியைக் கூரைக்கு உள்ளே திணிக்காமல், மேலே போர்த்த வேண்டும் என்பதே ஆசாரியாரின் சித்தாந்தம். தகரத்தைக் கழற்றி, உளுத்த சட்டங்களை மாற்றி, மற்றவற்றை நன்றாக உலர விட்டார். 40 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் வாட்டம் வைத்துப் பலகைத் தளம் அடித்தார். அதன்மேல் கனத்த பாலிதீன் விரிப்பு. ஒட்டுக்கள் எல்லாம் நாடாவால் அடைக்கப்பட்டன. ஆவிக்கு அங்கேயே தடை. அதன்மேல் இரண்டு அங்குலக் கெட்டி நுரைப் பலகைகள் இரண்டு அடுக்கு, கீழ் மூட்டின்மேல் மேல் மூட்டு வராதபடி. பிறகு பிளைவுட், சட்டம்வரை இறங்கும் நீண்ட திருகாணிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே துண்டாக ரப்பர் விரிப்பு. அடுப்பின் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் நுரைப் பலகையை விலக்கி, தீப்பற்றாத கல்பஞ்சு வைத்தார்.

"இடையே காற்றோட்டம் வேண்டாமா?" என்று கேட்டோம்.

"மரமெல்லாம் இப்போது கம்பளிக்கு உள்ளே, வெதுவெதுப்பில் இருக்கிறது. ஆவி குளிர்ந்த இடத்துக்குப் போனால் அல்லவா நீராகும்? ஆனால் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்றார்.

நீலகிரியின் தோடர்கள், தடித்த புற்கூரையும் தவழ்ந்து நுழையும் சிறு வாசலுமாகத் தங்கள் பழைய குடில்களை அமைத்தார்கள். குளிரோடு எப்படிக் குடித்தனம் செய்வது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ, பக்கத்திலேயே இருந்தும் பாராமல், காசையும் ஒரு குளிர்காலத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

தாயாரின் இருமல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டோம், குறைந்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை. புதுக் கூரை போட்டபின் வந்த முதல் உறைபனி நாளில், விடியுமுன்னே எழுந்து அவர் படுக்கையைத் தடவிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது.

"இருட்டில் என்னடா தேடுகிறாய்?" என்றார்.

"ஒன்றுமில்லை, அம்மா" என்றோம். உண்மையிலேயே ஒன்றும் இல்லை.