நாற்பது மைக்ரான் கிளியர்

தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலும் சேலையூர் கேம்ப் ரோட்டிலும் உள்ள டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளைப் பார்த்துக்கொண்டே போனால், கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஒரு பாலிஷிங் மிஷின் கட்டாயம் கண்ணில் படும். அநேகமாக அது ரோட்டரி, ஒரே அச்சில் வட்டமாகச் சுற்றுவது. சின்னப் பட்டறைகள் சிலவற்றில் அதுவும் கிடையாது. வெல்டிங் பிசிறு தேய்க்கும் ஆங்கிள் கிரைண்டரிலேயே பேடை மாட்டி ரப்பிங் பாலிஷ் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கிரைண்டர் பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் பதினோராயிரம் சுற்று ஓடும். பாலிஷ் வேலைக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ போதும். மேலோட்டமான கீறல்களைப் போக்கும் வேலைக்கு இந்தப் பட்டறைகள் முதலில் கையில் எடுக்க வேண்டியது ரோட்டரி அல்ல, சுற்றிக்கொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் மிஷின் என்பது என் கருத்து. அனுபவசாலிகள் பலர் இதை மறுப்பார்கள். அவர்களுடைய மறுப்பில் நியாயமும் உண்டு.

முதலில் கீறலைப் பார்ப்போம். இங்கே பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் குறை, வெயிலில் நிறுத்தினால் பானட்டில் வலைப்பின்னலாகத் தெரியும் மெல்லிய கோடுகள்தான். அவை விபத்தில் வந்தவை அல்ல, துடைத்துத் துடைத்தே வந்தவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து வரிசையாகப் பல வண்டிகளைத் துடைக்கிறார்கள். அந்தத் துணியில் ஒட்டும் தூசி சாதாரணமானது அல்ல. ஜிஎஸ்டி ரோட்டிலும் வண்டலூர் வெளிவட்டச் சாலையிலும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகின்றன. பல்லாவரம், திரிசூலம் மலைகளின் சார்னோகைட் போன்ற பாறைகளில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7, கண்ணாடியையே கீறிவிடும். பெயின்ட் எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, போர் தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்புக்கறை படிகிறது. அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

இந்தக் கீறல்கள் இருப்பது நிறத்தில் அல்ல, அதற்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியரில். இன்றைய காரில் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரும். அதில் கிளியர் மட்டும் 40 மைக்ரான் அளவு, தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. ரப்பிங் போடுவதைப் பலரும் கீறலை நிரப்புவதாக நினைக்கிறார்கள். உண்மையில் கீறலின் அடிவரை சுற்றியுள்ள கிளியரைச் சீவிச் சமப்படுத்துகிறோம். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகிறது, போனது திரும்பாது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் நிறமே மேல்பூச்சு. தேய்த்தால் பேடில் நிறம் ஒட்டும், எவ்வளவு எடுத்தோம் என்று கண்ணுக்குத் தெரியும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவும் அடுத்த ஆண்டு மறைமலைநகரில் ஐகானும் வெளிவரத் தொடங்கிய பிறகு, கிளியர் பூசிய வண்டிகள் இந்தச் சாலைகளை நிறைத்தன. அவற்றில் பேட் வெளுப்பாகவே இருக்கும். எச்சரிக்க ஒன்றுமில்லை, அடிப் பெயின்ட் தெரியும்போதுதான் தவறு தெரியும். வண்டி மாறிவிட்டது, அந்தக் காலத்து மிஷினும் கைப்பழக்கமும் மட்டும் பல இடங்களில் அப்படியே தொடர்கின்றன.

ரோட்டரி ஒரே இடத்தில் நின்றால் சூடு அங்கேயே குவியும். கிளியர் இளகும். கதவின் மடிப்பு, பானட் விளிம்பு போன்ற இடங்களில் பூச்சு மெலிவு, அங்கே சட்டென்று அறுத்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாது, ஆகவே இன்னும் சீக்கிரம் கெடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் தகடே கொதித்துக்கொண்டிருக்க, கம்பவுண்டும் நொடியில் காய்ந்துவிடும். டூயல் ஆக்‌ஷன் மிஷினில் பேட் சுற்றியபடியே 8, 15 அல்லது 21 மில்லிமீட்டர் அலைகிறது. ஒரே பாதையில் இரண்டு முறை தேய்க்காததால் சூடு பரவிப்போகிறது. சாதாரண வகையில், அளவுக்கு மீறி அழுத்தினால் சுற்று நின்று வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். தொழில் தெரிந்தவர்கள் பேட் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைக்கிறார்கள். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி. நின்றுவிட்டால் கையைத் தளர்த்த வேண்டும். முப்பது வருடக் கைக்குத் தெரிந்ததை அந்தக் கோடு நேற்று வந்த பையனுக்கும் காட்டிவிடுகிறது. என் வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

ரோட்டரி வேகமாக முடிக்கும் என்பார்கள். உண்மைதான், வெட்டும் வேலையில் அது முந்தும். ஆனால் கம்பளிப் பேடும் ரோட்டரியும் போன பிறகு வெயிலில் நெளிநெளியாக ஒளிவட்டங்கள் தெரியும். அவற்றைப் போக்க இன்னொரு சுற்று ஃபோம் பேட் வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் வேகம் பேசுவது சரியில்லை. மெழுகு தடவி ட்யூப்லைட் வெளிச்சத்தில் டெலிவரி கொடுத்தால் வாடிக்கையாளர் மகிழ்ந்துதான் போவார். நாலு வாஷில் வட்டங்கள் மீண்டும் தெரியும். கைதேர்ந்தவர் கையில் ரோட்டரி அருமையாக வேலை செய்யும் என்பதையும் மறுக்கவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்து, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்ட பரப்பில் அதற்கு நிகரில்லை. அந்த வேலைக்கு அது பட்டறையில் இருக்கட்டும். நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல் இறங்கியிருந்தால் எந்த மிஷினும் உதவாது. அது பெயின்டரின் வேலை, வண்டிக்காரரிடம் அப்படியே சொல்லிவிடுவது நல்லது.

விலை வாதம் கனமானது. இத்தாலிய, ஜெர்மன் கம்பெனிகளின் டூயல் ஆக்‌ஷன் மிஷின்களைச் சிறு பட்டறை வாங்குவது எளிதல்ல. ஆனால் இந்த வேலைக்கு அவைதான் வேண்டும் என்றில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மிஷினில் மூன்றைப் பார்த்தால் போதும்: வேகம் மெதுவாக ஏறுகிறதா, குறைந்த வேகத்தில் திணறாமல் ஓடுகிறதா, கார்பன் பிரஷ்ஷும் பேட் தட்டும் உள்ளூரில் கிடைக்கின்றனவா. 15 மில்லிமீட்டர் அலைவு உள்ளது பானட்டுக்கும் கதவுக்கும் பொதுவாகப் பொருந்தும். 21 பெரிய பரப்புக்கு நல்லது, தூணிலும் பம்பர் வளைவிலும் தடுமாறும். ஒரு கதவின் கிளியர் அறுந்து அதை முழுதாகத் திரும்ப அடிக்க நேர்ந்தால், பெயின்ட்டும் கூலியும் ஒரு நாள் இடமும் பட்டறையின் கணக்கில்தான் விழும். பல இடங்களில் அது பையனின் சம்பளத்தில் பிடித்தமாகிறது. மிஷின் விலையை இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு குறையை மட்டும் மழுப்ப முடியாது. அதிரும் மிஷின் மணிக்கட்டை வாட்டும். மலிவானவற்றில் அது இன்னும் அதிகம். நாள் முழுக்க ஒருவரே பிடித்தால் விரல் மரத்துப்போகும். ஆகவே பேனலுக்குப் பேனல் ஆளை மாற்றுவதையும், காய்ந்த கம்பவுண்ட் தூள் மூக்கில் போகாமல் மாஸ்க் போடுவதையும் மிஷின் வாங்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும். ஸ்க்ராப்பில் கிடைக்கும் ஒரு பழைய கதவைச் சுவரோரம் சாய்த்து, பையன் முதல் சில வாரங்கள் அதில் மட்டும் பழகும்படி விட்டால், பிறருடைய வண்டியில் பயந்து பயந்து கற்க வேண்டியிருக்காது.