குண்டு வகுத்த எல்லை

சென்ற விடுமுறையில் நண்பர் நால்வரும், விண்கோள் காட்டும் எண்களைக்கொண்டு மறைபொருள் தேடும் விளையாட்டை மேற்கொண்டு, கடலூர், சிதம்பரம் நீதிமன்றங்களைக் காணப் புறப்பட்டோம். பேழை யாதும் கிட்டிலது. எனினும் தேவனாம்பட்டினத்தில் பழஞ்செய்தியொன்று நினைவிற்கு வந்தது. 1690-இல் ஆங்கிலேயர் அவ்விடத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்குப் பெற்றபொழுது, பீரங்கிக் குண்டு சென்று வீழ்ந்த தொலைவே எல்லையாயிற்று. அதனுள் அகப்பட்ட ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. குடிகளின் சொல்லுக்கு ஆங்கு இடமில்லை.

இன்றோ, அவ்விரு மன்றங்களிலும் ஒரு சாண் வரப்பிற்காக உழவர் பட்டாவை மடியிற் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கண்டோம். வழக்கோ நீளுகின்றது, செலவோ பெருகுகின்றது. ஆயினும் இங்கு இருதிறத்தாரும் பேசலாம். குண்டின்முன் எவரும் பேசவியலாது. ஆகலின், குறையுடையவேனும் இம்மன்றங்கள் காக்கத்தக்கன என்றே துணிந்தோம்.