செடிக்கும் வேண்டும் இருட்டு

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய மஞ்சள் செவ்வந்தித் தொட்டி, பூக்கள் வாடியதும் குப்பைக்குப் போயிருக்கும். அம்மாதான் தடுத்தார்.

அப்பாவும் அம்மாவும் கேமரன் மலையில் ஒரு பூத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அப்பா காலமானபின், எங்களோடு இருக்க அம்மா சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. எங்கள் சிறிய அடுக்குமாடி வீட்டில் அவருக்குத் தனியறை இல்லை. தாழ்வாரத்தை ஒட்டிய கூடத்தில்தான் படுக்கை. அதிகம் பேசமாட்டார். அந்தத் தொட்டி வந்தபிறகுதான் அவர் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

வாடிய தண்டுகளை வெட்டிவிட்டார். புதுத் துளிர் வந்ததும் மூன்று அங்குல நுனிகளாக நறுக்கி, அடி இலைகளை உருவிவிட்டு ஈர மணலில் ஊன்றினார். மூன்று வாரத்தில் வேர் பிடித்தது. காலை வெயில் விழும் தாழ்வாரத்தில் தொட்டிகளை வைத்து, நுனியைக் கிள்ளினார். “ஒரு தலையைக் கிள்ளினா நாலு தலை வரும்” என்றார்.

வந்தது. செடி புதராக அடர்ந்தது. ஆனால், மாதங்கள் கடந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. நான் உரம் வாங்கி வந்தேன். அம்மா அதைப் பிரிக்கவே இல்லை.

ஓர் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா படுக்கையில் உட்கார்ந்து சன்னல் வழியே செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூங்கலையாம்மா?”

“செடியே தூங்கல, நான் எங்கப்பா தூங்குறது?”

தாழ்வார விளக்கைக் காட்டினார். மாலை முதல் விடியும்வரை அது எரியும்.

செவ்வந்தி, நீண்ட இரவு இருந்தால்தான் மொட்டு வைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் நட்ட நாற்று உயரமாக வளருமுன்பே பூக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் கேமரன் மலையில் முதல் சில வாரங்கள் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் இரவில் விளக்குப் போடுகிறார்கள். தண்டு போதிய உயரம் வந்ததும் அணைத்துவிடுவார்கள். அதன்பின் எட்டுப் பத்து வாரங்களில் பூ அறுவடைக்கு வந்துவிடும்.

“லைட்டப் போடுறது பெருசில்ல. நேரத்துக்கு அணைக்கணும். அப்பா ஒருநாளும் மறந்ததில்ல” என்றார் அம்மா.

எனக்குச் சுருக்கென்றது. வந்த முதல் வாரமே, “முகத்துல லைட்டு அடிக்குதுப்பா” என்று சொன்னவர் அவர். “பழகிடும்மா” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவன் நான். அதன்பிறகு அவர் கேட்கவே இல்லை.

மறுநாளே கூடத்துச் சன்னலுக்குத் தடித்த திரை மாட்டினேன். செடிகளுக்கு அட்டைப்பெட்டிகளைத் தேடிப் பிடித்து, உள்ளே கறுப்புக் குப்பைப்பையை ஒட்டினேன். மாலை ஆறு மணிக்கு அம்மா கவிழ்ப்பார். காலை ஏழு மணிக்கு நான் எடுப்பேன். இடையில் திறந்து பார்த்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பது அவர் கட்டளை. மொட்டில் நிறம் தெரியும்வரை ஒருநாளும் தவறக்கூடாதாம்.

உங்கள் தாழ்வாரத்திலும் பூக்காத செவ்வந்தி இருந்தால், உரத்தைத் தேடுமுன் இரவில் ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெளிச்சம் விழுந்தால் பெட்டியைக் கவிழுங்கள். நம் வெப்பத்தில் மலைப்பூவின் அளவு வராது. நாளும் கூடுதலாகப் பிடிக்கும்.

எங்கள் செடியில் ஆறாம் வாரம் மொட்டு தெரிந்தது. பத்தாம் வாரத்தில் ஒரு காலை பெட்டியைத் தூக்கியபோது, ஒன்றில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. அம்மாவைக் கூப்பிட உள்ளே ஓடினேன்.

திரைக்குப் பின்னால் அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.