பூட்டிய கடப்பு

கல்முனையில், கடலோரத்து எங்கள் வளவின் கடப்பைப் பூட்டும் பொறுப்பு சிறுவயதில் என்னுடையதாயிருந்தது. மாமியின் மகனுக்கு வலிப்பு நோய். தனியே சென்று கடலருகே விழுந்துவிடுவானோ என்ற அச்சத்தால் வீட்டார் அவனை வெளியே விடுவதில்லை. பாடசாலையும் நின்றது. காலப்போக்கில் அவனது பேச்சும் அருகிற்று. நோய் மூளையைத் தின்றுவிட்டதென்றே நாமெல்லாம் நம்பினோம்.

அண்மையில் விலங்காய்வுகள் பற்றிப் படித்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. தம் வீட்டில் உலாவவிட்டு வளர்த்த எலிகள், கூண்டெலிகளினும் திறமையாகச் சிக்கல்களை விடுவித்ததைக் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1947இல் எடுத்துரைத்தார். 2002இல் வெளிவந்த ஆய்வொன்று எம் வீட்டுக் கதைக்கு இன்னும் நெருங்கியது. நீடித்த வலிப்புக்கு உள்ளாக்கப்பட்ட எலிக்குஞ்சுகளுட் சில வெறுங்கூண்டிலும், சில துணையும் விளையாட்டுப் பொருள்களும் நிறைந்த விசாலமான இடத்திலும் வளர்க்கப்பட்டன. நீருள் மறைந்த மேடையைத் தேடும் சோதனையில் பின்னவையே மேம்பட்டன. அவற்றின் மூளையில் நினைவுக்குரிய பகுதியிற் புதிய நரம்புக் கலங்களும் மிகுதியாகத் தோன்றின. ஆனால் வலிப்பு விளைத்த சிதைவில் இரு சாராருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. நோயின் வடு ஒன்றே, வாழிடமே வேறு.

எலி மனிதனன்று. கடலின் ஆபத்தும் பொய்யன்று. மருந்தையும் கைவிடலாகாது. எனினும் அவன் இழந்தவற்றுள் நோய் பறித்தது எவ்வளவு, நான் பூட்டிய பூட்டுப் பறித்தது எவ்வளவு என்ற வினா என்னை விடவில்லை.

சென்ற விடுமுறையில் அவன் கைபற்றிச் சந்தைவரை நடந்தேன். வழிநெடுகிலும் கடைப் பெயர்ப்பலகைகளை அவன் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துக்கொண்டே வந்தான்.